படுத்து வலிக்கும் பலகை

குருக்கள்மடம் துறையடியில், மிதவைப் பாதை வந்து அணைகிற இடத்திலிருந்து கொஞ்சம் தெற்கே, பைபர் தோணிகளுக்கு ஒட்டுப் போடும் கொட்டில் ஒன்று இருக்கிறது. அண்மையில் அந்தப் பக்கமாகப் போனபோது ஒரு தம்பி பழைய பால்மா தகரத்துக்குள் ரெசின் ஊற்றி, அதை இறுக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். கண்ணைக் கரிக்கிற அந்த வாசம் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அது மூக்கில் ஏறினால் போதும், அறுகம்பையில் அலைச்சறுக்குப் பலகை திருத்துகிற கடைகளின் பின்பக்கம் நினைவுக்கு வந்துவிடும். மூக்கு உடைந்த பலகை, வெடிப்பு விட்ட பலகை, தகடு முறிந்த பலகை என்று வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். நம்முடையது காய்கிற வரைக்கும் நிழலில் குந்தி இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதற்கும் முந்திய வாசம் ஒன்று உண்டு. மாமா தோணிக்குப் பூசுகிற கீல். வெயிலில் இளகி, காலில் ஒட்டி, பாய் முழுக்கக் கறையாகும். பைபர் வந்த பிறகு அது போய்விட்டது. இப்போது இந்தத் துறையில் மரத்தோணி தேடினால் கரையில் கவிழ்த்துக் கிடப்பதைத்தான் பார்க்கலாம்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிப் போகும் வீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது குருக்கள்மடம். நாங்கள் இருப்பது எழுவான்கரை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. வயலும் மாடும் அங்கே. நேர் எதிரே அம்பிளாந்துறை. இரண்டு ஊருக்கும் இடையில் ஓடுவதுதான் பாதை: வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே தட்டு அடித்த மிதவை. மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சில நேரம் ஒரு பசு, எல்லாம் அதில்தான் அக்கரை போகும். வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் என்பார்கள். ஆழம் அப்படி இல்லை; எங்கள் துறையில் வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போகலாம்.

நான் முதன்முதலில் நெஞ்சு பதியப் படுத்துத் தண்ணீர் வலித்தது இந்த இடத்தில்தான். அப்போது பலகை ஏது? வாழைக்குற்றி. குலை வெட்டிய மரங்களை வளவுக்காரரிடம் கேட்டு வாங்கி, இரண்டை அருகருகே வைத்து, கமுகஞ்சிலாகையால் குறுக்கே குத்திச் சேர்த்தால் தெப்பம் தயார். இரண்டு நாளைக்குத்தான் உயிர். பிறகு தண்ணீர் குடித்துத் தாழ்ந்துவிடும். அதன்மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் மாறி மாறி வலித்து, பாதைக்குப் பின்னால் போட்டிக்கு ஓடுவோம். பெத்தா, அதாவது என் பாட்டி, கரையில் நின்று கத்துவா.

"ஆத்துக்க கிடந்தது காணும், கரைக்கு வா மனே! முதல வந்தா உன்னத் திண்டுபோட்டுத்தான் மறுகா போகும்!"

முதலை ஒரு பக்கம். உண்மையான பயம் வேறு. அது யுத்த காலம். வீதியும் எழுவான்கரையும் இராணுவத்தின் கையில், வாவிக்கு அப்பால் படுவான்கரை புலிகளின் கையில். நடுவில் கிடந்த தண்ணீரில் இரவில் மீன்பிடிக்க விடமாட்டார்கள். பொழுது பட்ட பிறகு தண்ணீரில் அசைவது எதுவானாலும் சுடப்படலாம். பாதையில் ஏறுமுன் பையைத் திறந்து காட்ட வேண்டும். அக்கரையில் இறங்கினால் அங்கேயும் ஒருவர் கேட்பார். பிள்ளைகளாகிய எங்களுக்கு இதெல்லாம் வெயில் மழை மாதிரித்தான். பொழுது சாயும்போது குற்றியைக் கரையில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

கடல் பக்கம் போகவே விடமாட்டார்கள். காரணம் கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1990 ஜூலையில், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளை எங்கள் ஊர் வீதியில் புலிகள் மறித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர்களைப் புதைத்ததாகச் சொல்லப்படுகிற இடம் எங்கள் கடற்கரை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. வீட்டில் அதை யாரும் வாய்விட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கடலைப் பற்றி ஆசையாக எழுத உட்கார்ந்தாலும், அந்தக் கரையை இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வராது.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஓர் ஆடியில் பெத்தா கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகப் புறப்பட்டா; என்னையும் கூட்டிக்கொண்டா. கோயில் கோயிலாகத் தங்கி, பொத்துவில் கடந்து, பாணமை, உகந்தை, பிறகு குமணக் காடு என்று போகிற வழி. பொத்துவிலுக்கு அப்பால் பாலம் தாண்டினால் அறுகம்பை. வேலும் மூட்டையுமாக "அரோகரா" சொல்லிக்கொண்டு நாங்கள் நடக்க, எதிரே கைக்குள் நீளப் பலகையை இடுக்கிக்கொண்டு, அரைக்காற்சட்டையோடு வெள்ளைக்காரர்கள் நடந்து வந்தார்கள். கதிர்காமக் கொடியேற்றமும் அறுகம்பையில் அலை நிமிர்ந்து நிற்கிற காலமும் ஒன்றாக வருவதால் ஆண்டுதோறும் இந்தச் சந்திப்பு நடக்கிறது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று வியப்போடு பார்த்துக்கொண்டு கடந்து போகும்.

நிழல் கண்ட இடத்தில் மூட்டையை இறக்கினோம். கடலில் ஒருவன் பலகைமேல் குப்புறக் கிடந்து கையால் வலித்து வெளியே போய்க்கொண்டிருந்தான். பெத்தா கையைக் கண்ணுக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டா: "இவன் ஏன் படுத்துக்கிடந்து வலிக்கிறான்? சவள் ஒண்டு வாங்க வழி இல்லயா?"

நானோ வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி, நாலு வலி வலித்து, எழும்பி நின்றுவிட்டான். அலை அவனைத் தூக்கிக்கொண்டு கரை நீளத்துக்கும் வந்தது. படுத்து வலிப்பது எனக்குத் தெரியும். எழும்பி நிற்பது தெரியாது. அன்றைக்கே அது மண்டைக்குள் ஏறிவிட்டது.

அந்த ஆசைக்கு நடுவில் 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமியில் கல்லடி, நாவலடி, அறுகம்பை எல்லாம் சிதைந்தன. அதற்குப் பிறகு பல வருடம் எங்கள் பக்கத்தில் பிள்ளை கடலைப் பார்த்து நின்றாலே தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். யுத்தம் முடிந்த பிறகு நான் அறுகம்பையில் ஒரு தங்குமடத்தின் அடுக்களையில் வேலைக்குப் போக, நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் வீட்டில் சம்மதிக்க வைத்தேன். அங்கத்தைய உல்லை ஊர்ப் பொடியன்மார் அலை ஏறக் கற்றுத் தந்தார்கள். விருந்தாளிகள் விட்டுப்போன பழைய பலகைகள், விஸ்கி பொயின்டின் சின்ன அலை, பிறகு பீனட் பாம், பிறகு துணிவு வந்ததும் மெயின் பொயின்ட். 2018இல் அங்கே பெண்களே சேர்ந்து ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியபோது ஊரில் முணுமுணுத்தவர்களும் உண்டு. இன்றைக்கு அந்தப் பெண்கள் தண்ணீரில் இறங்கினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுக் கோவளத்து மூர்த்தி மேகவன் என்ற மீனவர் உடைந்த சன்னல் பலகையில் அலை ஏறப் பழகிய கதையைப் பின்னாளில் வாசித்தபோது, வாழைக்குற்றிக்காரனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அறுகம்பையின் காலம் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஐப்பசியோடு முடியும். வாடைக்காற்று எழும்பி மாரி இறங்கினால் கடல் கலங்கிச் சிதறிவிடும். கடைகளைப் பூட்டிவிட்டுப் பொடியன்மார் வெலிகம பக்கம் போவார்கள். நான் ஊருக்கு வந்துவிடுவேன். ஊர்க்கடலில் அலை உண்டு, ஆனால் அது கரையிலேயே நிமிர்ந்து கரையிலேயே விழுந்து உடைகிற அலை, ஏறுவதற்கு உதவாது. ஆக வருடத்தில் பாதி எனக்கு எப்போதும் அலை இல்லாத காலம்தான். ஆனால் அதைப் பற்றி நான் யோசித்தது முழங்கால் போன பிறகு.

களுவாஞ்சிகுடி வளைவொன்றில் வீதியில் கிடந்த மணலில் மோட்டார் சைக்கிள் வழுக்கியது. மூட்டுக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கிற நார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்த பிறகு வைத்தியர் சொன்னது தெளிவு: நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். முறுக்கித் திரும்பக்கூடாது, குந்தக்கூடாது, முழந்தாளில் பாரம் போடக்கூடாது. பலகைமேல் எழும்பி நிற்பதைப் பற்றி நான் கேட்கவில்லை; அவர் முகமே சொல்லியது.

அலைச்சறுக்கைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது காலால் செய்கிற வேலையாகத் தெரியும். தண்ணீரில் ஆட்களை அளந்து பார்த்த ஆய்வுகள் வேறு கணக்குச் சொல்கின்றன: போட்டிக்கு இறங்கியவர்கள்கூட ஏறத்தாழப் பாதி நேரம் படுத்துக் கையால் வலித்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி காத்திருப்பது. அலைமேல் நிற்கிற நேரம் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. ஆக முழங்கால் போனவனுக்குப் போனது அந்தச் சின்னப் பங்குதான். தோளும் முதுகும் கழுத்தும் தளராமல் இருந்தால் அடுத்த காலத்துக்கு உயிர் இருக்கும். தளர விட்டால் கால் சரியானாலும் பயன் இல்லை. அலைக்கு வெளியே போய்ச் சேரவே மூச்சு வாங்கும்.

அதற்கென்றே ஒரு பலகை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நிற்பதற்கு இல்லாமல், படுத்தோ முழந்தாளிட்டோ கையால் வலித்துத் தூரம் போவதற்கான நீளப் பலகை. வெள்ளைக்காரர்களின் ஊரில் அதற்குப் பெரிய போட்டிகள் உண்டு. கலிபோர்னியாவில் கற்றலினா தீவிலிருந்து பெருநிலத்துக்கு 32 மைல் வலிக்கிற போட்டி 1955இல் தொடங்கியது. ஹவாயில் மொலொக்காய் தீவிலிருந்து ஓவாஹுவுக்கு இன்னொரு 32 மைல். அதில் ஜேமி மிச்செல் என்ற அவுஸ்திரேலியர் தொடர்ந்து பத்து முறை வென்றார். பலகையால் உயிர் காப்பதும் பழைய கதை. ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கிய ஹவாய்க்காரர் டியூக் கஹனமோக்கு 1925இல் கலிபோர்னியக் கரையில் படகு கவிழ்ந்தபோது தன் பலகையில் திரும்பத் திரும்பப் போய் எட்டுப் பேரைக் கரை சேர்த்தார்.

சரி, குருக்கள்மடத்தில் இருக்கிற நான் எந்தப் பலகையில் ஏறுவது?

முதலில் கைக்கு எட்டியதைப் பார்த்தேன். என்னிடம் ஒன்பது அடிப் பழைய பலகை ஒன்று கிடந்தது. வாவியில் போட்டுப் படுத்து வலித்தேன். கொஞ்ச நேரத்துக்கு நல்லாகத்தான் இருந்தது. ஆனால் அலைக்கென்று வளைத்த மூக்கும் தட்டையான அடியும் தட்டைத் தண்ணீரில் ஓடமாட்டா. எவ்வளவு வலித்தாலும் முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். மிதப்பில் தோணிக்கும் பலகைக்கும் ஒரே சட்டம்: தண்ணீரைத் தொடுகிற நீளம் கூடினால்தான் ஓட்டம் கூடும்.

அடுத்து பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிற, நின்று துடுப்புப் போடுகிற காற்றடைத்த பலகை. நீளம் போதும். அகலம்தான் வினை. முப்பது அங்குலத்துக்கு மேல். படுத்தால் கை தண்ணீரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. புயத்தின் உட்பக்கம் விளிம்பில் உரசி அன்றிரவே தோல் சிவந்துவிட்டது. தோளைக் காப்பாற்ற வந்தவன் தோளையே கெடுத்துக்கொள்கிற வேலை. நின்று துடுப்புப் போடலாமே என்று சொன்னார்கள். நிற்க முடிந்தால் நான் ஏன் இதெல்லாம் தேடுகிறேன்!

மூன்றாவது, உயிர்காப்போர் பந்தயப் பலகை. சர்வதேச விதியில் அதன் நீளம் 3.2 மீற்றரைத் தாண்டக்கூடாது, எடை 7.6 கிலோவுக்குக் குறையக்கூடாது. பாவித்த ஒன்று கொழும்புப் பக்கத்தில் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அழகான சாமான். ஒடுக்கம், இலேசு, கைபிடிக்க வார். ஆனால் அதன் மேற்பரப்பில் முழந்தாளுக்கென்று இரண்டு பள்ளம். முழந்தாளிட்டு இரண்டு கையையும் ஒன்றாக எறிந்து வலிப்பதற்குச் செய்தது. படுத்தால் அந்தப் பள்ளத்தின் வரம்பு நெஞ்சில் இடிக்கும். முழந்தாளில் பாரம் போடக்கூடாதவன் அதை வாங்கி என்ன செய்ய? விற்கிறவரே சிரித்துக்கொண்டு, "தம்பி, காலைச் சரியாக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அறுகம்பைக்கு வருடா வருடம் வருகிற ஒரு அவுஸ்திரேலிய விருந்தாளியிடம் கேட்டேன். அவர் தன் ஊரில் இந்த விளையாட்டில் தோய்ந்தவர். பதிலாகக் கேள்விகளைத்தான் அனுப்பினார். தண்ணீர் எப்படி, ஆழம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பலகையை எங்கே வைப்பாய், எப்படித் தூக்கிப் போவாய், உன் எடை என்ன. என்ன பலகை நல்லது என்று நான் கேட்க, என்ன வாவி என்று அவர் கேட்கிறார். உட்கார்ந்து யோசித்துத்தான் எழுத வேண்டியிருந்தது.

அவர் விளக்கியதில் எனக்கு உதவியதை மட்டும் சொல்கிறேன். பந்தயத்தில் மூன்று வகை: 12 அடி, 14 அடி, நீள எல்லை இல்லாதது. கடைசி வகையில் காலால் திருப்புகிற சுக்கானும் இருக்கும். கடலில், காற்றோடு ஓடி அலைமுதுகில் சறுக்குகிறவர்களுக்கு அடி தட்டையானது நல்லது. அமைதியான தண்ணீரில் வெட்டிக்கொண்டு போக, தோணி மாதிரி மூக்குக் கூரும் வயிறு உருண்டும் இருக்க வேண்டும். ஆனால் உருண்ட அடி முதலில் ஆளை உருட்டும், பழக வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் எந்த நீளப் பலகையும் இழுபடும். நாம் கிளப்புகிற அலையே அடித்தரையில் பட்டு நம்மைப் பிடித்து இழுக்கும். ஆகவே 14 அடிக்கு ஆசைப்படாதே என்றார். 12 அடி, 20 அங்குலத்துக்கு மேல் போகாத அகலம், நெஞ்சுக்குக் கீழே கொஞ்சம் உயரம். 14 அடி எங்கள் ஒழுங்கையின் முடக்கில் திரும்பாது என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

புதியது வாங்குவதென்றால் டொலரில் விலை, அதற்குமேல் கப்பல் கூலி, அதற்குமேல் சுங்கம். கணக்குப் போட்டுப் பார்த்து அந்தக் கடதாசியை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் ரொம் பிளேக் என்ற பெயர் கண்ணில் பட்டது. 1920களில் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய அரசர் காலத்துப் பலகைகளைத் திருத்திக் கொடுத்தவர். கட்டை மரத்தில் செய்த அந்தப் பெரும் பலகைகளின் பாரத்தைக் குறைக்க வழி தேடி, உள்ளே கூடாக, குறுக்கு வரிச்சுக்கு மேல் மெல்லிய பலகை போர்த்துச் செய்யப் பழகினார். 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து அடுத்த வருடம் பெற்றார். 1932இல் அவரும் இன்னும் இருவருமாகப் பெருநிலத்திலிருந்து கற்றலினாவுக்கு இந்தப் பலகைகளில் வலித்துப் போனார்கள். மரவேலை தெரிந்த எவரும் வீட்டில் செய்துகொள்ளும்படி வரைபடமும் அந்தக் காலத்து இதழ்களில் வந்தது. அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்ததும் நேரே மாமாவிடம் போனேன்.

மாமா தோணி கட்டிய கை. பைபர் வந்த பிறகு கதவு நிலை, கட்டில் கால் என்று ஒதுங்கிவிட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இது தோணிதான் மனே. மேலால மூடிப்போட்டான், அவ்வளவுதான்."

அளவெடுத்த விதத்தை நான் மறக்கமாட்டேன். முற்றத்து மணலில் என்னைக் குப்புறக் கிடக்கச் சொன்னார். நெஞ்சுக்குக் கீழே ஒரு செங்கல்லை வைத்து, அதற்குமேல் சாக்கை மடித்துப் போட்டார். "வலி" என்றார். மணலில் நான் வலிக்க, முழங்கை எந்த இடத்தில் உடம்பை உரசிப் போகிறது என்று பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமும் ஈர்க்குக் குத்தினார். பிறகு ஈர்க்குக்கு ஈர்க்குக் கயிறு பிடித்தார். பத்தொன்பதரை அங்குலம். அவுஸ்திரேலியர் சொன்ன கணக்கை மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. செங்கல் அவருக்குத் திருப்தி இல்லை. கழுத்து முறியும் என்று எடுத்துவிட்டு அரைச்செங்கல் வைத்தார். கடைசியில் பலகையின் நெஞ்சு உயர்ந்தது அந்த அரைச்செங்கல் அளவுக்குத்தான்.

நடுவில் நீளவாக்கில் ஏரா, குறுக்கே விலாவெலும்பு மாதிரி வங்கு, மேலும் கீழும் தண்ணீருக்குத் தாங்குகிற மெல்லிய பிளைவூட். வங்கு ஒவ்வொன்றிலும் வட்டமாகத் துளை வெட்டினார், பாரம் குறையவும் உள்ளே காற்றுப் போய்வரவும். வெயிலில் வைத்தால் உள்காற்று விரிந்து பொருத்தைப் பிளந்துவிடும் என்பதால் வால் பக்கத்தில் பித்தளைத் திருகுமூடி ஒன்று. கரை ஏறியதும் அதைத் திறக்க வேண்டும். கசிந்த தண்ணீரும் அந்த வழியாலேயே வெளியேறும். கீல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மாமா பூசியிருப்பார். துறையடிக் கொட்டிலில் ரெசினும் துணியும் வாங்கிப் பொருத்து முழுக்க ஒட்டினோம். நிறுத்தால் 16 கிலோ. பந்தயக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். 12 அடி வகுப்பில் அவர்களுடையது 9 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். எனக்குப் போட்டி யாரோடு? பாதையோடுதான்.

தை பிறந்து வெள்ளம் வடிந்த ஒரு விடியலில் இறக்கினேன். முதல் நாள் பாதையில் வந்த ஒரு அம்மா தூரத்திலிருந்து கண்டுவிட்டு, "ஐயோ, சவம் ஒண்டு மிதந்து வருது!" என்று கத்திவிட்டா. பாதைக்காரர் அவவைச் சமாதானப்படுத்திவிட்டு என்னை ஏசினார். மறுநாள் தொடக்கம் சிவப்புச் சட்டை போட்டேன்.

படுத்து வலிப்பதைச் சும்மா வேலை என்று நினைக்கக்கூடாது. உடம்பை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதிலேயே பாதி அடங்கிவிடும். ஒரு சாண் பின்னால் போனால் மூக்குத் தூக்கி வால் இழுக்கும், ஒரு சாண் முன்னால் போனால் மூக்குத் தண்ணீருக்குள் குத்தும். சரியான இடத்தில் கிடந்தால் அடியில் மெல்லிய சலசலப்புக் கேட்கும். மாமா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலகையில் கோடு போட்டுத் தந்தார். கையை நெற்றிக்கு முன்னால் இறக்கி இடுப்பு வரை இழுக்க வேண்டும். விரலை இறுக்கிப் பொத்தத் தேவையில்லை. முதல் வாரங்களில் நோவது தோள் என்று நினைப்போம்; நோவது பிடரி. தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்தது இடுப்புக்கு மேலே முதுகு. இரண்டும் பழகிய பிறகுதான் தோளுக்கு வேலையே தொடங்கும். முழங்காலோ இத்தனைக்கும் பின்னால் பாரமில்லாமல் நீண்டு கிடக்கும்.

வடக்கே மண்முனைப் பாலம் தெரிகிற வரை போவேன். 2014இல் அந்தப் பாலம் திறக்குமுன் அங்கேயும் பாதைதான் ஓடியது. கச்சான் காற்றுக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு வாவி முகம் சுருங்கிவிடும். படுவான்கரையிலிருந்து எழும்புகிற சிற்றலை பக்கவாட்டில் அடித்தால் உருண்ட வயிற்றுப் பலகை ஒரு நிலையில் நிற்காது. அதனால் வெளிச்சம் வருமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிடுவேன். தெப்பக்கட்டைக்குப் பதிலாக றப்பர்ச் செருப்புத் துண்டுகளைக் கட்டி மிதக்கவிட்ட வலைகள் விடியலில் கண்ணுக்குத் தெரியா. பலகையின் அடியில் முதலில் பூட்டிய நேரான தகடு வலையிலும் பாசியிலும் மாட்டியது. இப்போது பின்னால் சாய்ந்த சிறிய தகடு. எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். ஆற்றுவாழை அடைத்த இடத்தில் மட்டும் எந்தத் தகடும் உதவாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

அடுத்த காலத்துக்கு அறுகம்பை போனேன். வைத்தியர் தலையாட்டிய பிறகுதான். மெயின் பொயின்டில் வெளியே போய்ச் சேர்ந்தபோது என்னோடு இறங்கிய பொடியன்மார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கு இன்னும் வலிக்கலாம் போல இருந்தது. எழும்பி நிற்பதுதான் திரும்பப் பழக வேண்டியிருந்தது, அதுவும் சின்னப் பிள்ளை மாதிரி விஸ்கி பொயின்டில். கால் இன்னும் முழுசாகப் பழையபடி ஆகவில்லை. ஆனாலும் அலை இல்லாத மாதங்களை நான் இப்போது வீண் என்று சொல்வதில்லை. சொல்லப்போனால் சில விடியல்களில் அலை இருந்தாலும் வாவிக்குத்தான் போகத் தோன்றுகிறது.

யாராவது இப்படி ஒரு பலகை தேடுகிறீர்கள் என்றால் என் தீர்ப்பு இது. நின்று துடுப்புப் போடுகிற அகலப் பலகையை வாங்கிப் படுக்காதீர்கள். முழந்தாள் நல்லாக இருக்கிறவர் பாவித்த உயிர்காப்போர் பலகையை வாங்கலாம். சும்மா படுத்து வலிப்பவர் 12 அடி பாருங்கள். மரத்தில் செய்வதென்றால் மட்டக்களப்பில் தோணி கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன, காலம் தாழ்த்தாமல் போய்க் கேளுங்கள். மாரி வெள்ளத்தில், முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் இழுக்கிற நாட்களில் இறங்க வேண்டாம். கலங்கல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. எந்தத் துறையில் இறங்கினாலும் அங்கே வலை போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். முதலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.